காற்று போகட்டும், சூடு இருக்கட்டும்

ரெஜைனா, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகரம். சுற்றிலும் கோதுமை வயல்கள்; மலையோ காடோ மறைக்காத சமவெளி. ஜனவரியில் அங்கே குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த ஊரில் 1977இல் ஒரு வீடு கட்டினார்கள். அதில் சூடேற்றும் ஃபர்னஸ் வைக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு பிளைவுட் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அடுக்கடுக்காகப் பாலித்தீன் தாள்கள், தாளுக்கும் தாளுக்கும் நடுவே சிறு இடைவெளி. ஓர் இடைவெளியில் வீட்டிலிருந்து வெளியே போகிற காற்று. அடுத்ததில் வெளியிலிருந்து உள்ளே வருகிற காற்று. அதற்கடுத்ததில் மறுபடி வெளியே போகிற காற்று. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடின. ஒன்றோடொன்று கலக்கவில்லை. சூடு மட்டும் தாளைக் கடந்து கைமாறியது. சமையல் வாசனையும் குளியலறை ஈரமும் மனிதர் விட்ட மூச்சும் தெருவுக்குப் போயின; அவற்றோடு போகவேண்டிய சூடு, உள்ளே வரும் காற்றில் ஏறிக்கொண்டு வீட்டுக்கே திரும்பியது.

இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் புதிதாக எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், குளியலறைக் கூரைக்கு மேலோ அலமாரிக்குள்ளோ மொட்டைமாடியிலோ ஒரு கருவி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வெப்ப மீட்புக் காற்றோட்டக் கருவி என்று தமிழில் சொல்லலாம். அங்கே குடியிருப்பவர்கள் எச்.ஆர்.வி. என்பார்கள். அந்தப் பிளைவுட் பெட்டியின் வாரிசு அது. எரிபொருளைச் சேமிக்கப் பிறந்த கருவி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. வீட்டை இறுக்கி அடைத்த மனிதர்கள், அடைத்த கையோடு மூச்சுக்கும் வழி செய்தாக வேண்டும் என்று உணர்ந்ததால் பிறந்தது அது. அதன் முதல் வேலை காற்று. சூடு இரண்டாவதுதான். இந்த வரிசை மாறிய இடங்களில் எல்லாம் கருவிக்குக் கெட்ட பெயர் வந்திருக்கிறது.

பழைய வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. கதவிடுக்கு, ஜன்னல் சட்டத்தின் விரிசல், அடுப்பின் புகைபோக்கி என்று காற்று வரப் போக நூறு வழி. குளிர் நாட்டு மக்கள் அந்த ஊதல் காற்றைத் திட்டிக்கொண்டே, அதனால்தான் மூச்சு முட்டாமல் இருந்தார்கள். அதை முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் மியூனிக் நகரத்துச் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். 1858இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, குடியிருப்புக் கட்டடங்களில் காற்று எவ்வளவு மாறுகிறது என்பதைப் பற்றியது. தம் சொந்த அறையையே சோதனைக்கூடமாக்கினார். அறைக்குள் கரியமில வாயுவைப் பெருக்கி, அது எவ்வளவு நேரத்தில் குறைகிறது என்று கணக்கிட்டார். விரிசல்களில் தாள் ஒட்டி அடைத்தும் பார்த்தார். காற்று மாறுவது குறைந்தது, நிற்கவில்லை. சுவரே மூச்சு விடுகிறது என்று அவர் முடிவு கட்டியது தவறு. பூசிய சுவர் வழியாக அப்படிக் காற்றுப் போவதில்லை என்று பின்னாளில் அளந்து காட்டினார்கள். ஆனால் அவர் சொன்ன இன்னொன்று நிலைத்தது. மனிதர் இருக்கும் அறைக் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் காற்று நல்லதல்ல என்றார். இன்றும் காற்றோட்டக்காரர்கள் அந்த எண்ணைப் பெட்டன்கோஃபர் எண் என்றே அழைக்கிறார்கள்.

விரிசல் தரும் காற்றில் ஒரு கோளாறு உண்டு. அதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் வந்த கருவியின் அவசியம் புரியும். உள்ளே வெப்பமும் வெளியே கடுங்குளிரும் இருக்கும்போது, சூட்டால் லேசான காற்று மேலே எழும்பி மேல்தள விரிசல் வழியாக வெளியேறும். கீழே குளிர்காற்று உறிஞ்சப்படும். குளிர் ஏற ஏற இந்த இழுப்பும் ஏறும். அதாவது, சூட்டை இழக்கவே கூடாத நாளில்தான் விரிசல் அதிகமாக ஒழுகும். காற்றசையாத இளவேனில் இரவில், ஒழுகினால் நன்மை என்னும்போது, ஏறக்குறைய நின்றுவிடும். பல மாடிக் கட்டடத்தில் இது இன்னும் மோசம்: கீழ்வீட்டின் வெளிக்காற்று மேல்வீட்டில் பழைய காற்றாக, அடுத்தவர் சமையல் மணத்தோடு வந்து சேரும். விரிசலுக்கு வீட்டுக்காரர் தேவையும் தெரியாது, அளவும் தெரியாது.

சூட்டை மீட்கும் யோசனை மட்டும் வீட்டுக்கு வெளியே எப்போதோ பிறந்துவிட்டது. 1816இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் தம் வெப்பக்காற்று எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டபோது, வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் ஒரு பகுதியையும் சேர்த்திருந்தார். சிக்கனி என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். நூறாண்டு கழித்து சுவீடனின் ஃபிரெட்ரிக் லியுங்ஸ்ட்ரோம், மெல்ல உருளும் சக்கரம் ஒன்றைக் கொதிகலன் புகைப்பாதையில் வைத்தார். புகையில் சூடாகும் சக்கரப் பகுதி சுழன்று வந்து, அடுப்புக்குப் போகும் காற்றைச் சூடாக்கும். 1920 முதல் ஆலைகளில் அது நிலக்கரியை மிச்சம் பிடித்தது. ஆலை முதலாளிக்குக் கரிச்செலவு கண்ணை உறுத்தியது, வீட்டுக்காரருக்கு உறுத்தவில்லை. எண்ணெய் மலிவாகக் கிடைத்த வரையில் ஃபர்னஸைச் சற்றுக் கூட்டி வைத்தால் போதும்.

1973 அக்டோபரில் அந்த மலிவுக் காலம் முடிந்தது. அரபு எண்ணெய் நாடுகள் ஏற்றுமதியைத் தடை செய்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய் சில மாதங்களுக்குள் 12 டாலரை நெருங்கியது. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதே குடும்பச் செலவில் பெரிய தலைவலியானது. ஒரே சமயத்தில் பல இடங்களில் மூளைகள் வேலை செய்யத் தொடங்கின. டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் வாகன் கோர்ஸ்கோர்டும் டோர்பன் எஸ்பென்சனும் 1975இல் ஒரு 'சுழிய ஆற்றல் வீடு' எழுப்பினார்கள்; தடித்த வெப்பக்காப்பு, சூரியத் தகடுகள், காற்றோட்டத்தில் வெப்ப மீட்பு மூன்றும் அதில் இருந்தன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெய்ன் ஷிக் குழு 1976இல் மிகக் குறைந்த எரிபொருளில் வாழும் வீட்டுக்கு வரைபடம் போட்டது. இப்படிப் பல முற்றங்களில் முளைத்த கருவிக்கு ஒரே தாய்வீடு சொல்வது சரியாகாது. ஆனாலும் ரெஜைனாவைத்தான் நான் விரிவாகச் சொல்லப் போகிறேன். கையால் செய்த பெட்டியும் அதன் தோல்விகளும் அங்கேதான் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன.

சஸ்காச்சுவான் மாகாண அரசு கேட்டது ஒரு சூரிய வீடு. அந்தக் குளிருக்கு ஏற்ற சூரிய வீடு எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னது. வேலையில் இறங்கியவர்களில் ஹரால்ட் ஓர், ராப் டூமான், பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் பெசன்ட் ஆகியோர் முக்கியமானவர்கள். கணக்குப் போட்டதும் அவர்களுக்கு ஒன்று உறைத்தது. அந்த ஊரின் குளிர்கால வெயில் குறைவு, இரவு நெடிது. சூரியச் சூட்டைப் பிடித்துத் தொட்டிகளில் சேமித்து வைப்பதைவிட, இருக்கிற சூட்டை வெளியே விடாமல் காப்பது எளிது, மலிவு. ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளுவதை நிறுத்திவிட்டு ஓட்டையை அடைக்கப் போனார்கள்.

சுவர் சுமார் 30 சென்டிமீட்டர் தடிமன், உள்ளே முழுக்க வெப்பக்காப்பு. கூரையில் அதைவிடத் தடிமன். வீட்டைச் சுற்றிலும் இடைவெளி விடாமல் பாலித்தீன் தாள் போர்த்தி, மூட்டுகளில் எல்லாம் ஒழுகாமல் ஒட்டினார்கள். பிறகு அழுத்தச் சோதனை. வாசலில் பெரிய ஃபேன் பொருத்தி, உள்ளேயும் வெளியேயும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாக்கி, எவ்வளவு காற்று ஒழுகுகிறது என்று பார்க்கும் முறை அது. ரெஜைனா வீட்டில் அந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டுக் கொள்ளளவில் 0.8 மடங்குதான் காற்று மாறியது. பின்னாளில் ஜெர்மனியில் உருவான கடுமையான பாசிவ் ஹவுஸ் தரத்தின் வரம்பு 0.6. அதைப் பார்த்தால், 1977இல் தச்சர்களை வைத்துக்கொண்டு அவர்கள் எட்டிய இடம் எவ்வளவு தூரம் என்று விளங்கும்.

அரசு ஆசைப்பட்ட சூரியத் தகடுகளையும் பொருத்தினார்கள். செலவு பிடித்தது, பராமரிப்பு அலுத்தது; வீடு தனியார் கைக்குப் போனபின் கழற்றிவிட்டார்கள். சுவர் நின்றது. நின்று பயன் தந்தவை விலை குறைந்தவை என்பதை இந்தத் துறையில் இன்றும் போதிய அளவு யாரும் சொல்வதில்லை.

இவ்வளவு இறுக்கிய வீட்டில் மனிதர் இருப்பது எப்படி? நான்கு பேர் குடும்பம் மூச்சிலும் வேர்வையிலும் சமையலிலும் குளியலிலும் துணி உலர்த்துவதிலும் ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் நீரைக் காற்றில் விடுகிறது. போக வழியில்லாவிட்டால் அது ஜன்னல் கண்ணாடியில் வழியும், மூலையில் பூஞ்சையாகப் பூக்கும், மரச்சட்டத்தை உளுக்க வைக்கும். ஜன்னலைத் திறந்தால், பாடுபட்டுக் காத்த சூடு போய்விடும். ஆகவே ஃபேன் வைத்துக் காற்றை மாற்றுவது, மாற்றும்போது சூட்டைப் பிடித்துக்கொள்வது. அந்தப் பிளைவுட் பெட்டி இப்படித்தான் வந்தது. பெசன்ட் குழுவில் இருந்த டிக் வான் ஈ அதை உருவாக்கியதில் முன்னின்றவர். பாலித்தீன் தாளும் மரச்சட்டமும் கடையில் கிடைப்பவை. தகரமோ செம்போ அல்லாமல் பிளாஸ்டிக் தாள் சூட்டைக் கடத்துமா என்று கேட்கத் தோன்றும். தாள் மெல்லியதாக இருந்தால் அது எந்தப் பொருள் என்பது பெரிதில்லை. இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றுப் படலம்தான் உண்மையான தடை. இதைப் புரிந்துகொண்டதால் மலிவான பெட்டி சாத்தியமானது. எப்படிச் செய்வது என்று பல்கலைக்கழகமே குறிப்பு வெளியிட்டது. வீட்டுக்காரர்கள் தாங்களே ரம்பமும் ஸ்டேப்ளரும் எடுத்துச் செய்துகொண்டார்கள். அந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எதிரெதிர்த் திசை ஏன்? இரண்டு காற்றும் ஒரே திசையில் அருகருகே போனால், 20 டிகிரியும் 0 டிகிரியும் நடுவில் 10 டிகிரியில் சந்தித்து நின்றுவிடும். பாதிச் சூடுதான் மீளும்; பெட்டியை எவ்வளவு நீளமாகச் செய்தாலும் அவ்வளவுதான். எதிர்த்திசையில் விட்டால், உள்ளே நுழையும் 0 டிகிரிக் காற்று முதலில் சந்திப்பது ஏற்கெனவே 2 டிகிரிக்குத் தணிந்துவிட்ட பழைய காற்றை. உள்முனையை எட்டும்போது 18 டிகிரி ஆகியிருக்கும், அங்கே அதற்குப் பக்கத்தில் இருப்பது 20 டிகிரிக் காற்று. வழி நெடுக ஒரு சிறு வேறுபாடு இருந்துகொண்டே இருப்பதால், வழி நெடுகக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. பனிக்கட்டி மேல் நிற்கும் வாத்தின் காலிலும் இதே ஏற்பாடுதான்: பாதத்துக்கு இறங்கும் சூடான ரத்தம், பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தத்தைச் சூடாக்கி அனுப்புகிறது.

காகிதத்தில் சரியாக வந்த பெட்டி, குளிர்காலத்தில் அடைத்துக்கொண்டது. வெளியேறும் காற்றில் ஈரம் இருக்கிறது; மைனஸ் 30 டிகிரிக் காற்றுக்குப் பக்கத்துத் தாளில் அது நீராகி, உடனே உறைகிறது. உறைபனி தடித்து இடைவெளியை மூடுகிறது. வெளியேறும் காற்று நின்றால், உள்ளே வருவதும் குளிராகவே வரும். தாள்களின் அடுக்கான கோர் திறமையானது என்றால் பனி இன்னும் சீக்கிரம் பிடிக்கும், ஏனென்றால் பழைய காற்றை அது அவ்வளவு தூரம் குளிர வைக்கிறது. இதற்குக் கண்டுபிடித்த வழிகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவ்வப்போது வெளிக்காற்றை நிறுத்தி வீட்டுக்காற்றை மட்டும் கோர் வழியே சுற்றவிட்டுப் பனியை உருக்குவது, நுழையும் காற்றைச் சற்று முன்சூடு செய்வது, உருகிய நீர் வடியக் குழாய் வைப்பது. டப்டப்பென்று அந்த நீர் சொட்டும் சத்தத்தைக் கனடாவில் அடித்தளத்தில் படுத்தவர்கள் கேட்டிருப்பார்கள்.

இதற்குள் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. எரிபொருள் மிச்சம் பிடிக்கக் கனடாவில் பல வீடுகளின் சுவருக்குள் பீய்ச்சிய யூரியா ஃபார்மால்டிஹைடு நுரை, வீட்டுக்குள் வாயுவை விடுகிறது என்ற புகாரால் 1980 டிசம்பரில் தடை செய்யப்பட்டது. இறுக்கிய வீட்டில் எந்த வாயுவும் தங்கும் என்பது பாமரருக்கும் தெரிந்த செய்தியானது. 1982இல் கனடா அரசு தொடங்கிய ஆர்-2000 திட்டம் இரண்டையும் முடிச்சுப் போட்டது: காற்று ஒழுகாமல் கட்டு, ஆனால் முறையான காற்றோட்டக் கருவி வை. அதே ஆண்டு அமெரிக்க இயற்பியலாளர் வில்லியம் ஷர்கிளிஃப், வீடுகளுக்கான காற்று வெப்பப் பரிமாற்றிகள் பற்றியே ஒரு நூல் எழுதினார். தச்சுப்பட்டறைப் பெட்டி கடைச்சரக்காயிற்று.

அடுக்குமாடிகளுக்கு இது வந்த வழி பெரும்பாலும் சுவீடனும் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். சுவீடனில் 1965க்கும் 1974க்கும் இடையே பத்து லட்சம் குடியிருப்புகள் கட்டினார்கள். அப்போது எழுந்த மாடிவீடுகள் பலவற்றில் கூரையில் ஒரு ஃபேன் சமையலறை, குளியலறைக் காற்றை உறிஞ்சி எறியும். புதுக்காற்று ஜன்னல் மேல் துளை வழியாகத் தானே வரும். சூடு மொத்தமும் கூரை வழியே போனது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வந்த விதிகள் காற்றுப்புகாத் தன்மைக்கும் காற்று மாற்றத்துக்கும் எண் வைத்தன. உறிஞ்சுவதும் ஊதுவதும் மீட்பதும் சேர்ந்த எஃப்.டி.எக்ஸ். முறை பரவியது. பரவிய வேகத்தில் பராமரிப்பு பின்தங்கியது. ஃபில்டர் அடைத்துக்கொண்டது, ஃபேன் இரைந்தது, குடியிருப்பவர்கள் எரிச்சலில் காற்றுத் துளைகளில் டேப் ஒட்டினார்கள். அங்கே மக்கள் வீட்டுக்காற்றால் நோயுறுகிறார்கள் என்ற கவலை வலுத்ததும், 1991இல் சுவீடன் நாடாளுமன்றம் காற்றோட்டக் கட்டாயச் சோதனையைச் சட்டமாக்கியது. வெப்ப மீட்புள்ள அடுக்குமாடி என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை, வெறும் உறிஞ்சு ஃபேன் என்றால் 6 ஆண்டுக்கு ஒருமுறை, சான்றிதழ் பெற்ற ஆள் வந்து அளக்க வேண்டும். கருவியை விற்பதோடு நிற்காமல், அது காற்றுத் தருகிறதா என்று அரசே திரும்பத் திரும்பக் கேட்பது. இதைவிடச் சரியான சட்டம் இந்தத் துறையில் வேறில்லை என்பேன்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பூ ஆடம்சன் என்ற பேராசிரியர் இருந்தார். சீனாவின் தென்பகுதியில், சூடேற்றும் வசதியே இல்லாத வீடுகளைக் கட்டடத்தின் உதவியால் மட்டும் எப்படிக் கதகதப்பாக வைப்பது என்று ஆராய்ந்து வந்தவர். 1988இல் அவரோடு பேசிக்கொண்டிருந்த ஜெர்மன் இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்ட், ஐரோப்பாவில் ஏன் அதையே செய்யக்கூடாது என்று கேட்கத் தொடங்கினார். அதன் விளைவு டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் ஒட்டிக் கட்டிய நான்கு வீடுகள். 1991இல் நான்கு குடும்பங்கள் குடிபுகுந்தன. அதில் ஒன்று ஃபைஸ்டின் குடும்பம். தாம் சொன்னதைத் தம் பிள்ளைகளோடு வாழ்ந்து பார்த்தார். அங்கே பொருத்திய எதிர்த்திசைக் கோர்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் சூட்டை மீட்டன. மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடும் நேர்மின்னோட்ட ஃபேன்கள், பழைய ஃபேன்கள் தின்ற மின்சாரத்தில் ஒரு பகுதியை மட்டுமே எடுத்தன. இது சிறு முன்னேற்றமல்ல. மீட்கும் சூட்டைவிட ஃபேன் அதிக மின்சாரம் தின்றால் கருவியே வீண்.

இந்த வீடுகளிலிருந்து வளர்ந்து, பாசிவ் ஹவுஸ் என்று உலகமறிந்த தரத்தின் உள்ளே உட்கார்ந்திருப்பது காற்றோட்டக் கணக்குதான் என்பது பலருக்குத் தெரியாது. ஒருவருக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். அந்தக் காற்றையே சூடாக்கி வீட்டைக் கதகதப்பாக்க முடியுமா? 50 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தூசி கருகி நாற்றம் வரும். ஆக 20இலிருந்து 50 வரை, 30 டிகிரிதான் ஏற்ற முடியும். ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி ஏற்ற 0.33 வாட்-மணி. பெருக்கினால் ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 300 வாட். ஆளுக்கு 30 சதுர மீட்டர் இடம் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 10 வாட். இதற்குள் வெப்பத் தேவை அடங்கினால் ரேடியேட்டரே வேண்டாம். அந்த 10 வாட் யாரோ விரும்பி வைத்த எண்ணல்ல. மனிதர் மூச்சுக்குத் தேவையான காற்றிலிருந்து வந்தது.

ஒரு மாடிவீட்டின் கணக்கையும் போட்டுவிடுவோம். நான்கு பேர், மணிக்கு 120 கன மீட்டர். வெளியே 0, உள்ளே 20 டிகிரி. மீட்பு இல்லையென்றால் காற்றோடு போகும் சூடு ஏறக்குறைய 790 வாட், இரவு பகல் விடாமல். 80 விழுக்காடு மீட்டால் 630 வாட் திரும்புகிறது. ஃபைஸ்டின் பாசிவ் ஹவுஸ் நிறுவனம் கருவிக்கு வைத்த மின்சார வரம்பு, கன மீட்டருக்கு 0.45 வாட்-மணி, 120க்கு 54 வாட். 54 கொடுத்து 630 வாங்குவது.

மாடிவீட்டில் சிக்கல் கணக்கில் அல்ல, இடத்தில். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் புதுக்காற்று. அது கதவின் அடி இடைவெளி வழியாக நடைக்கு வந்து, சமையலறை, குளியலறை, கழிப்பறையிலிருந்து உறிஞ்சப்படும். ஒரே காற்று இரண்டு இடத்துக்கு உழைக்கிறது. அந்த அடி இடைவெளியை ஊதல் என்று நினைத்துத் துணி வைத்து அடைப்பவர்கள் தங்கள் படுக்கையறையின் மூச்சை நிறுத்துகிறார்கள். கருவியை எங்கே வைப்பது? வீட்டுக்கு ஒன்று வைத்தால் குடியிருப்பவர் கையில் கட்டுப்பாடு இருக்கும்; ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சுவரில் இரண்டு துளை, ஃபில்டர் மாற்ற ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். மொட்டைமாடியில் பெரிதாக ஒன்று வைத்தால் பராமரிப்பு சுலபம். ஆனால் தளம் தோறும் காற்றுக் குழாயில் (டக்ட்) தீத்தடுப்பு ஷட்டர் வேண்டும், பக்கத்து வீட்டுப் பேச்சு டக்ட் வழியே கேட்காமல் ஒலியடக்கி வேண்டும். எண்ணெய்ப் புகையை டக்டில் விடக்கூடாது என்பதால் அடுப்புக்கு மேல் கரி ஃபில்டர் வைத்த தனி உறிஞ்சி. படுக்கையறையில் சத்தம் 25 டெசிபலைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மக்கள் அணைத்துவிடுவார்கள், அணைத்த கருவியால் யாருக்கும் பயனில்லை.

இவற்றையெல்லாம் தீர்த்துக் காட்டியவை பெரும்பாலும் வாடகைக் குடியிருப்புகள் என்பது மனதுக்கு நிறைவான செய்தி. ஜெர்மனியின் காசெல் நகரில் 2000ஆம் ஆண்டிலேயே எளியோருக்கான வாடகை மாடிவீடுகள் இந்த முறையில் எழுந்தன. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் 2009இல் முடிந்த லோடன்அரேயால் வளாகத்தில் 354 வீடுகள். 2017இல் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவில், கார்னெல் டெக் வளாகத்து மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 26 மாடிக் குடியிருப்பு ஒன்று பாசிவ் ஹவுஸ் தரத்தில் எழுந்தது.

பழைய கட்டடத்தில் டக்ட் போட இடமில்லை என்றால் சுவரில் ஒரு துளை, அதில் பீங்கான் தேன்கூட்டுக் குழாய், ஒரு சிறு ஃபேன். ஒரு நிமிடம் வெளியே ஊதும், பீங்கான் சூடேறும். மறு நிமிடம் உள்ளே இழுக்கும், சூட்டைத் திருப்பித் தரும். ஸ்டர்லிங் 1816இல் சொன்ன சிக்கனிதான், சிறு தட்டு அகலத் துளையில்.

வெப்ப நாட்டுக்கு ஒரு தனிக் கிளை உண்டு. ஜப்பானின் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் நிறுவனத்தில் மசதாகா யோஷினோ உருவாக்கி 1970இல் விற்பனைக்கு வந்த லாஸ்னே கருவியின் கோர் காகிதத்தால் ஆனது. இழப்பு இல்லை என்ற பொருளில் ஆங்கிலமும் ஜப்பானியமும் கலந்த பெயர். காகிதம் சூட்டோடு ஈரத்தையும் கடத்தும்: கோடையில் வெளிக்காற்றின் புழுக்கம் உள்ளே வராமல், வெளியேறும் உலர்ந்த காற்றோடு திரும்பிப் போகிறது. ரெஜைனாவுக்கு ஏழாண்டு மூத்தது. சென்னை போன்ற கடலோர ஊரில், ஏ.சி. போட்டு இறுக்கி அடைத்த மாடிவீட்டுக்கு ஏதேனும் பொருந்துமென்றால் இந்தக் கிளைதான், ஏனென்றால் நம் ஊரில் ஏ.சி. இறக்கவேண்டிய சுமையில் ஈரத்துக்குப் பெரும்பங்கு. நம் வீடுகளில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதே இல்லை. அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. நாலு பேர் கதவடைத்துப் படுத்த அறையில், விடிவதற்குள் பெட்டன்கோஃபர் எண் எப்போதோ தாண்டப்பட்டிருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று வாங்கும் வீட்டுக்கு இந்தக் கருவி வேண்டியதில்லை. அடைத்தவர்களுக்குத்தான் வேண்டும்.

ரெஜைனா வீடு இன்னும் நிற்கிறது. ஹரால்ட் ஓர் முதுமையில், பாசிவ் ஹவுஸ் முன்னோடி என்று அதே ஃபைஸ்டின் நிறுவனத்தால் பாராட்டப்பட்டார். தங்கள் வேலைக்கு எங்கே வேர் இருக்கிறது என்று ஜெர்மானியர்கள் மறைக்கவில்லை.

டொரண்டோவிலோ ஆஸ்லோவிலோ சூரிக்கிலோ புதுக் குடியிருப்பில் வாழும் தமிழர் வீட்டிலும் இந்தப் பெட்டி இருக்கலாம். கரண்ட் பில் குறையும் என்று அதை அணைத்து வைக்காதீர்கள். சமையல் தாளிப்பும் குளியல் ஆவியும் சுவரில் போய்த் தங்கும். காற்றுத் துளையில் டேப் ஒட்டாதீர்கள். சத்தமோ ஊதலோ இருந்தால் கட்டட நிர்வாகத்தை அழைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஃபில்டர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கருவியின் மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். கடைசியாக அதை மாற்றியது எப்போது என்று நினைவில்லை என்றால், இன்று மாலை மூடியைக் கழற்றிப் பாருங்கள்.